பேரம் பேசாமல் வாங்கிய உப்பு

அத்தியாயம் 3

பெற்ற பிள்ளையையே ஒருவன் கடத்திக்கொண்டு போனால் முதலில் என்ன வாங்குவான்?

"புது சிம்மு," என்றாள் ஜெனிட்டா. "ஒரு தொப்பி. மீசைய எடுக்க ஒரு பிளேடு. வெளியூர் போற பஸ்ஸுல ரெண்டு சீட்டு."

"உப்பு வாங்குவானா?" என்றார் தாமோதரன்.

ஜெனிட்டா வாய்க்குக் கொண்டுபோன போண்டா பாதி வழியில் நின்றது.

செங்கல்பட்டு பஜாரில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது தாமோதரனின் துப்பறியும் நிலையம். கீழே இருப்பது அண்ணன் கடை. மூன்று தலைமுறையாகக் குடமும் அண்டாவும் விற்ற குடும்பத்தில் பிறந்து, குற்றவாளிகளைத் தேடப் போன ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் கற்ற வித்தை எல்லாம் கல்லாவில் கற்றதுதான். கடைக்கு வருகிறவன் எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறான் என்பது முக்கியமில்லை. எதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறான் என்பதுதான் முக்கியம் என்பார். அவரிடம் ஜெனிட்டா சேர்ந்து நாலு வருஷமாகிறது. புதுப்பட்டினத்துக்காரி. வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாய் பேசுவது மூன்றும் அவள் இலாகா. மூன்றாவதற்குத் தனிச் சம்பளம் இல்லை என்பது அவளுடைய தீராத குறை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் வரலட்சுமி. பொத்தேரியில் மாணவிகள் விடுதி ஒன்றில் வார்டன். முந்நூறு பெண்களை ஒரே முறைப்பில் அறைக்குள் அனுப்பக்கூடியவள். அவளுடைய ஒரே மகன் அபிஷேக், ஏழு வயது, நேற்று சாயங்காலத்திலிருந்து வரவில்லை.

"நேத்து காலைல அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு," என்றாள். "நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. கோர்ட்டுல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டாந்து விட்டுடணும். இதுவரைக்கும் ஒரு தடவை கூட லேட் பண்ணதில்ல. கால் மணி நேரம் முன்னாடியே அவரு ஓட்டுற ஷேர் ஆட்டோவ கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு, ரெண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருப்பாங்க. ஆறு ஆனப்புறம்தான் எறக்கி விடுவாரு."

"கடைசி கால் மணி நேரத்தைக்கூட வுட்டுத் தரமாட்டாரு," என்றாள் ஜெனிட்டா.

"ஆமா." வரலட்சுமி மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். பையின் வாயில் இஸ்திரி போட்ட பள்ளிச் சீருடை தெரிந்தது. "கிடைச்சதும் நேரா ஸ்கூலுக்கு விட்டுடலாம்னு எடுத்துட்டு வந்தேன். இன்னிக்கு அவனுக்கு ட்ராயிங் பரீட்சை."

"போலீசுல சொன்னீங்களா?"

"இருபத்துநாலு மணி நேரம் ஆனாத்தான் எடுத்துக்குவாங்களாமே. ஹாஸ்டல்ல சொன்னாங்க."

"அப்படி ஒரு சட்டம் கிடையாதும்மா," என்றார் தாமோதரன். "காணோம்னு தெரிஞ்ச நிமிஷமே எழுதிக் குடுக்கலாம். குழந்தைன்னா உடனே ஓடணும். இப்பவே போங்க. அடையாளம் ஏதாவது?"

"வலது கால் கட்டைவிரல்ல பாதி நகம் இருக்காது. சைக்கிள் செயின்ல மாட்டிக்கிட்டான்."

வந்ததுமே அவள் நீட்டிய போன் இன்னும் தாமோதரன் கையில் இருந்தது. மகன் பேரில் போட்ட வங்கிக் கணக்கு; அப்பாவும் பணம் எடுக்கலாம், குறுஞ்செய்தி மட்டும் அம்மாவுக்கு வரும். நேற்று மாலை, பையனை இறக்கிவிட வேண்டிய நேரத்தை ஒட்டி, அந்தக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. வாங்கிய இடம்: புதுப்பட்டினம், ஞானம்மாள் உப்பு மண்டி.

"அவர் புதுப்பட்டினம் பக்கம் எங்க போவாரு?"

"கல்யாணம் ஆன புதுசுல அங்கதான் ஒரு ஹேச்சரில வேலை பார்த்தாரு, இறால் குஞ்சு பொரிக்கிற எடம். மாமல்லபுரம் போற ரோட்டுல, கடல் ஓரமா. போன வருஷமே மூடிட்டாங்க. பூட்டிக் கிடக்கும்." பிறகு, ஏதாவது உதவுமா என்று தெரியாமலே, "எங்க ரெண்டு பேர் வாட்ஸாப்பையும் உங்களுக்கு அனுப்பிட்டேன். படிக்கிற மாதிரி ஒண்ணும் இருக்காது," என்றாள்.

•

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினார்கள். ஜெனிட்டா ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு போனைத் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

"அண்ணாத்த, இந்தம்மா புருசன வுட்டுப் பிரிஞ்சிருக்குது, ஃபார்வர்டு அனுப்புறத மட்டும் வுடல. 'ஆறு மணி'ன்றது இது. 'சரி'ன்றது அந்தாளு. நடுவுல ஒரு பாம்பு. மறுபடி 'ஆறு மணி', 'சரி', ஒரு புயலு. வேற பேச்சே கெடையாது."

"பாம்பு என்ன சொல்லுது?"

"கடிச்ச எடத்துல வாய வெச்சு உறிஞ்சித் துப்பணுமாம்."

"செஞ்சா கடிபட்டவனுக்கு ஒரு கட்டில், உறிஞ்சினவனுக்கு ஒரு கட்டில். கடிச்ச கை காலை ஆட்டாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுதான் வைத்தியம். அடுத்தது?"

"புயல்ல காத்து சட்டுனு நின்னுச்சுனா முடிஞ்சிடுச்சு, வெளிய வரலாமாம்."

"நடுவுல நிக்கும். பாதிதான் முடிஞ்சிருக்கும். மீதிப் பாதி எதிர்ப்பக்கத்துல இருந்து வரும். செத்தவங்க பாதிப் பேரு அந்த இடைவேளைல வேலிய சரி பண்ண வெளிய வந்தவங்க."

"இது சூப்பரு. தண்ணில முழுகினவங்கள காலப் புடிச்சுத் தலகீழா தொங்க வுட்டா, குடிச்ச தண்ணி பூரா வெளிய வந்துடுமாம். படம் வேற போட்டுகீறான்."

"தண்ணி வரும், நேரமும் போயிடும். முழுகினவனுக்கு வேண்டியது மூச்சு. வாயில ஊதணும், நெஞ்ச அமுக்கணும், வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. கிளம்பு, கிளம்பு."

ஜெனிட்டா போனைப் பாக்கெட்டில் போட்டாள். ரெண்டு பேர் எதற்காகப் பிரிந்தார்கள் என்று அந்த வாட்ஸாப்பில் ஒரு வரிகூட இல்லை. ஒருத்திக்கு ஒருவன் செத்துப்போகக் கூடாது என்பதுதான் அதில் பக்கம் பக்கமாக இருந்தது.

•

ஞானம்மாள் கடையில் வழக்கமாக உப்பு மூட்டைகள் கூரையைத் தொடும். இன்றைக்குத் தரை தெரிந்தது. கருவாட்டு சீசனில் இப்படி ஒரு கடை காலியாவது, கல்யாண சீசனில் நகைக்கடை காலியாவதற்குச் சமம்.

"யாருடி, பூவாயி பொண்ணா?" என்றாள் ஞானம்மாள். "உங்கம்மா காலைல வந்து உப்பு இல்லைன்னதும் என்னத் திட்டிக்கினு போச்சு. நீ இன்னா, சண்டைக்கு வந்தியா?"

"இல்லக்கா. உன் உப்ப யாரு தூக்கிக்கினு போனதுன்னு கேட்க வந்தேன்."

"ஆட்டோக்காரன் ஒருத்தன். நேத்து பொழுது சாயற நேரம். கல்லுப்பு எவ்ளோ கீதுன்னான். வேணுங்கறத சொல்லுன்னேன். எல்லாம்னான். ஆட்டோவுல ஏத்துனான், எறக்கிட்டு வந்தான், மறுக்கா ஏத்துனான். சட்டை பூரா ஈரம். தள்ளாடிக்கினு கெடந்தான், குடிச்சிருப்பான் போல."

"எந்தப் பக்கம் போனான்?"

"வடக்கால. மாமல்லபுரம் ரோட்டுல."

தாமோதரன் காலித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விலைய எவ்வளவு குறைச்சீங்க?"

"நான் எங்க கொறச்சேன். அவன் கேட்கவே இல்லியே." இதைச் சொல்லும்போது ஞானம்மாளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "கொறைக்கலாம்னு ஏத்தித்தான் சொன்னேன். அப்படியே குடுத்துட்டான்."

இந்த உலகத்தில் விலை கேட்காமல் வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைச்சல். கோடீஸ்வரன் கேட்பான், அதனால்தான் அவன் கோடீஸ்வரன். திருடன்கூடக் கேட்பான், சந்தேகம் வரக்கூடாதென்று. மூட்டைக்கு ஒரு ரூபாயாவது குறைக்காமல் உப்பு வாங்கிய மனிதனைத் தாமோதரன் தன் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. அவர் முகம் மெல்ல ஒடுங்கியது. ஜெனிட்டா அதைக் கவனித்திருக்க வேண்டும். அவள் வேறொன்றைக் கவனித்துவிட்டாள்.

"அக்கா, வேற எதுனா வாங்குனானா?"

"போறப்ப அந்த மாம்பழ ஜூஸு ஒண்ணு எடுத்துக்கினான். சின்ன டப்பா, ஸ்ட்ரா ஒட்டி வருமே."

"பாத்தீங்களா அண்ணாத்த?" ஜெனிட்டாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "குடிகாரன் வாங்குற ஐட்டமா இது? புள்ள கூடத்தான் கீது. பசியாத்துறான். உப்பு எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆந்திரா பக்கம் போயிக் கருவாட்டு யாவாரம் போடப் போறான். ஹேச்சரில மறைஞ்சிக்கினு சரக்கு சேக்கறான்."

"ஜெனி, இரு."

அவள் இருக்கவில்லை. அதற்குள் போன் காதில் இருந்தது. "அக்கா, ஜெனிட்டா பேசுறேன். அழாதீங்க. புள்ள நல்லா கீறான். ஆமாக்கா. ஜூஸெல்லாம் வாங்கிக் குடுத்துகீறாரு அவங்கப்பா. ஹேச்சரிலதான் இருப்பாங்கன்னு நெனைக்கிறேன். வாங்க, வாங்க, நீங்களே வந்து ரெண்டு சாத்து சாத்துங்க."

மறுமுனையில் வரலட்சுமி சிரித்த சத்தம் தாமோதரனுக்கே கேட்டது. பஸ்ஸுக்கெல்லாம் நிற்கவில்லை, கார் பிடித்து வருகிறேன் என்றாள்.

ஜெனிட்டா போனை வைத்ததும் ஞானம்மாள் நினைவு வந்தவளாக, "லூசு மாதிரி ஒண்ணு கேட்டாண்டி," என்றாள்.

"என்னன்னு?" தாமோதரன் திரும்பினார்.

"இந்த உப்பு கண்ணுல பட்டா எரியுமான்னான். உப்புன்னா எரியாதான்னேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுகினு இருந்தான். அப்புறம் மாட்டியிருந்த துண்டு ஒண்ணக் கேட்டு வாங்கினு போனான்."

தாமோதரன் ஜெனிட்டாவின் போனைப் பார்த்தார்.

"ஜெனி," என்றார் தாமோதரன். "டீக்கடைல தலைகீழா தொங்கவிடறது வரைக்கும் படிச்சே. அதுக்கு அடுத்தது என்ன?"

அவள் போனை எடுத்தாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். "'தண்ணீரில் மூழ்கியவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள். உடம்பு முழுவதையும் கல்லுப்பால் மூடுங்கள். உள்ளே போன தண்ணீரை...'"

குரல் இறங்கியது.

"'...தண்ணீரை உப்பு உறிஞ்சிவிடும். சில மணி நேரத்தில் மூச்சு வரும். மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே அறுத்துவிடுவார்கள். ஒரு தாய்க்கு அவள் பிள்ளை திரும்பக் கிடைக்கட்டும். எல்லோருக்கும் அனுப்புங்கள்.'"

அதற்குக் கீழே வரலட்சுமியின் புருஷன் சின்னையனின் பதில் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் வெறும் 'சரி' என்று போட்டவன், இதற்கு மட்டும் கூட ஒரு வார்த்தை எழுதியிருந்தான்.

'சரி. வெச்சுக்கிறேன்.'

"உப்புக்கு அப்படி எதுனா கீதா அண்ணாத்த?" என்றாள் ஜெனிட்டா. கேட்டிருக்கவே வேண்டாம். அவள் பிறந்து வளர்ந்தது உப்புக்கும் மீனுக்கும் நடுவில். உப்பு எதை உறிஞ்சும், எதைத் திருப்பித் தராது என்று அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே தெரியும்.

"அந்தம்மாவுக்குப் போன் போடு," என்றார் தாமோதரன்.

போட்டாள். எடுத்ததும், "ஏறிட்டேன்மா, வந்துட்டே இருக்கேன்," என்றது அந்தச் சந்தோஷமான குரல். "அவர ஒண்ணும் சொல்லிடாதீங்க, பாவம். நானே பேசிக்கிறேன்."

ஜெனிட்டாவால் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

•

ஹேச்சரியின் கேட்டில் பூட்டு தொங்கியது, ஆனால் பூட்டியிருக்கவில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி உள்ளே போனால் நீளமான ஷெட், கூரையில் பாதி ஷீட்டு பறந்துபோயிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல். சின்னையனின் ஆட்டோ ஷெட்டு வாசலில் நின்றது, பின்சீட்டில் ஒரு சின்னச் சட்டையும் டவுசரும் காயப் போட்டிருந்தன.

உள்ளே வரிசையாக சிமென்ட் தொட்டிகள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இறால் குஞ்சு நீந்திய தொட்டிகள். கடைசித் தொட்டியருகே காலிச் சாக்கின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். ஆள் வருவதைப் பார்த்து எழுந்து ஓடவில்லை. விரலை உதட்டில் வைத்தான்.

"சத்தம் போடாதீங்க," என்றான். "எழுந்துக்கற நேரம்."

தொட்டி நிறைய உப்பு. கூரை ஓட்டை வழியாக வந்த வெயிலில் கண் கூசியது. மேடாகக் குவித்து, கையால் தட்டித் தட்டிச் சரி செய்திருந்தான், கடற்கரையில் பிள்ளைகள் மணலில் ஒருவரையொருவர் புதைத்து விளையாடுவது போல. தலைப்பக்கம் ஞானம்மாள் கடைத் துண்டு. கால்பக்கம் உப்பு கொஞ்சம் சரிந்திருந்தது. அங்கே ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பாதி நகம் இல்லை.

தொட்டி விளிம்பில் மாம்பழ ஜூஸ், ஸ்ட்ரா குத்தித் தயாராக.

தாமோதரன் குனிந்து துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். உடனே மூடினார்.

"கண்ணு எரியும்னு துண்டு போட்டுகீறேன்," என்றான் சின்னையன். வரலட்சுமி அவன் வாயில் எப்போதும் வரம்தான். "நீங்க யாரு, வரம் அனுப்புச்சா? லேட்டாயிட்டுதுன்னு கோச்சுக்கிச்சா?"

"என்ன நடந்துச்சு சின்னையா?"

"கத்தவே இல்ல சார்." அவன் அதையேதான் ராத்திரி முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும், வார்த்தைகள் தேய்ந்து வழுவழுவென்று வந்தன. "நான் கரையிலதான் நின்னுகினு இருந்தேன், அவனுக்கு சிப்பி பொறுக்கிக்கினு. பத்தடி இருக்காது. முழுகினா கத்துவாங்கல்ல, கையக் காட்டுவாங்கல்ல. நேரா என்னப் பாத்துகினுதான் இருந்தான். வெளாடறான்னு நெனச்சேன்."

"முழுகறவங்க கத்த மாட்டாங்க. கத்தறதுக்கு மூச்சு வேணும். கையத் தூக்கவும் முடியாது. பார்த்துக்கிட்டு நிக்கிற யாருக்குமே தெரியாது."

"அப்படியா?" ஒரு நிமிஷம் அவன் முகம் லேசானது. "தூக்கியாந்து காலப் புடிச்சுத் தலகீழா புடிச்சேன். தண்ணி வந்துச்சு, நெறைய. நல்லா வர்ற வரைக்கும் புடிச்சுகினே இருந்தேன். அது சரிதானே சார்?"

ஜெனிட்டா தரையைப் பார்த்தாள். திருக்கழுக்குன்றத்து டீக்கடையில் அவள் சிரித்த சிரிப்பு அங்கே தரையில் கிடப்பது போலிருந்தது.

தாமோதரன் கல்லாவில் வளர்ந்தவர்தான், பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. ஆனால் எடையில் கைவைக்காத குடும்பம். "வேற எது செஞ்சிருந்தாலும் பிழைச்சிருப்பானான்னு யாராலயும் சொல்ல முடியாது சின்னையா," என்றார். அது உண்மை. உண்மையின் அந்தப் பக்கத்தை மட்டும் அவர் தராசில் வைத்தார்.

"பொழச்சிருப்பானாவா?" சின்னையன் சிரித்தான். "இன்னா சார் நீங்க. செத்திருந்தா இந்நேரத்துக்கு நாத்தம் வந்திருக்கணும்ல. நேத்து வெயிலு, இன்னிக்கு வெயிலு. முகர்ந்து பாருங்க. ஒண்ணுமே இல்ல. அப்படியே கீறான்."

அதற்குப் பதில் தெரிந்தவள் ஜெனிட்டா ஒருத்திதான். அவளுடைய அம்மா தினமும் அந்தப் பதிலைக் கூடையில் வைத்து விற்கிறாள். அவள் வெளியே ஓடி, சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அப்போது தாமோதரன் அவன் பக்கத்தில் அதே சாக்கில் உட்கார்ந்திருந்தார். "உப்பு ஈரத்தை எடுக்கும். கெடாம வெச்சிருக்கும். அவ்வளவுதான் அதால முடியும். உயிரக் கொண்டுவராது. அந்த மெசேஜ் பொய்."

"வரம்தான் அனுப்புச்சு," என்றான் சின்னையன். "அது படிச்சது. தப்பா அனுப்பாது."

"அவங்களுக்கும் யாரோ அனுப்பினதுதான்."

சின்னையன் உப்பைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். அப்புறம், விலையே கேட்காமல் ஒரு கடையைக் காலி பண்ணிய அந்த மனிதன் பேரம் பேச ஆரம்பித்தான்.

"நாலு மணி நேரம் குடுங்க சார். எதுக்கும் பாத்துடலாம்."

தாமோதரன் பேசவில்லை.

"ரெண்டு."

அவருக்கு ஆயிரம் பேரம் தெரியும். எதிராளி பேசாமல் இருந்தால் கேட்கிறவன் தானாக இறங்குவான் என்பது பால பாடம். அந்தப் பாடத்தை இப்போது யாராவது அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"ஒண்ணு. சரி, வாணாம். கால் மணி நேரம் சார். கால் மணி நேரம் எப்பவும் உட்கார்ந்திருப்போம், நானும் அவனும். ஆட்டோவுல. அது கணக்குல வராது."

"உட்காரு," என்றார் தாமோதரன். "நான் வெளிய போய்ப் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் பண்றேன். வர்றதுக்கு நேரம் ஆகும். நான் அவசரப்படுத்தல."

அவர் எழுந்ததும் சின்னையன் அவர் சட்டை முனையைப் பிடித்தான். இப்போது அவன் கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் தெரிந்த கண்ணாக இருந்தது.

"சார், அதுகிட்ட சொல்லிடாதீங்க. அந்த மெசேஜு பொய்யின்னு. நானே எவனோ சொன்னத கேட்டு செஞ்சேன்னு சொல்லிக்கிறேன். திட்டட்டும், பரவால்ல. தான் அனுப்புனதாலன்னு தெரிஞ்சா அது தாங்காது."

•

கார் வரும் சத்தம் கேட்டு ஜெனிட்டா கேட்டுக்கு ஓடினாள். வழியில் பத்து வாக்கியம் தயார் பண்ணினாள். ஒன்றும் நிற்கவில்லை.

வரலட்சுமி சீருடைப் பையோடு இறங்கினாள். திட்டுவதற்கென்று முகத்தைக் கஷ்டப்பட்டுக் கடுமையாக வைத்திருந்தாள். உதட்டோரம் அது நிற்கவில்லை. "எங்க ரெண்டு பேரும்? உள்ளயா?"

"அக்கா," என்றாள் ஜெனிட்டா. "நான் சொன்னது..."

வரலட்சுமி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். முந்நூறு பெண்களை மேய்க்கிறவளின் நடை. ஜெனிட்டா பின்னாலேயே ஓடினாள், கையைப் பிடிக்கவும் தைரியம் வராமல்.

ஷெட்டுக்குள் ஐந்தாறு தொட்டி வரை அந்த நடை அப்படியே போனது. பிறகு குறைந்தது. உப்பைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். விளிம்பில் இருந்த ஜூஸைப் பார்த்தாள். கால் பக்கம் வந்தபோது நின்றாள்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், அனுப்பியவள் அவள்.

அலறுவாள் என்று தாமோதரன் ஷெட்டு வாசலில் காத்திருந்தார். போன் அவர் காதில் இருந்தது, மணி அடித்துக்கொண்டிருந்தது. புருஷன் மேல் பாய்வாள் என்று ஜெனிட்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

வரலட்சுமி பையைத் தரையில் வைத்தாள்.

"எப்போ போட்டீங்க?" என்றாள் புருஷனிடம்.

சின்னையன் தாமோதரனை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

"நேத்து சாயங்காலம்."

"முழுசா மூடணும்னுதானே போட்டிருந்துச்சு. காலு தெரியுது பாருங்க." அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் உப்பை அள்ளி அந்தக் கட்டைவிரல் மேல் போட்டாள். தட்டினாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். விரல் மறைந்தது. "எப்பவும் அரைகுறை வேலை."

"சரி," என்றான் சின்னையன்.

ஜெனிட்டா வாயைத் திறந்தாள். அவன் தலையை அசைத்தான், வேண்டாம் என்று. பிறகு சாக்கில் நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டான். வரலட்சுமி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், தோள் உரசும் அளவுக்கு. சீருடைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"கால் மணி நேரம்," என்றான் அவன்.

தாமோதரனின் காதில் மணி அடிப்பது நின்று, யாரோ எடுத்தார்கள். "சொல்லுங்க," என்றது அந்தக் குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சொல்லுங்க சார்."

அவர் இன்னும் சொல்லவில்லை.